இலை தளதளவென்று வருகிறது, கிழங்கு பிடிக்கவில்லையா? மாடியில் பீட்ரூட் போடுகிறவர்களுக்கு

மாடித்தோட்டத்தில் முதன்முறை பீட்ரூட் போட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும். இலை முழங்கை உயரம் வந்தது, பிடுங்கிப் பார்த்தால் கீழே சுண்டுவிரல் தடிமனில் ஒரு வேர். மண்ணையோ விதைக் கடைக்காரரையோ திட்டிப் பயனில்லை. நாள் தவறி விதைப்பது, நாற்றுகளைக் கலைக்காமல் (நெருக்கமாக முளைத்ததை நீக்காமல்) விடுவது, நிழல், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி என்று நான்கு காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். நான்கையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன். இங்கே சொல்லும் தேதிகள் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியவை. நீலகிரி, கொடைக்கானலில் இருப்பவர்கள் உறைபனி மாதங்களைத் தவிர்த்துவிட்டு மற்ற நாட்களில் விதைக்கலாம்.

1. முதலில் அறுவடைத் தேதி, பிறகு விதைப்புத் தேதி

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வெண்டைக்கும் கத்தரிக்கும் சரி. பீட்ரூட்டுக்கு அது பொருந்தாது. கிழங்கு பருக்கும் காலத்தில் 15 முதல் 25 டிகிரி வெப்பம் இருந்தால் நன்றாகத் திரளும். 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் கிழங்கில் நார் ஏறும், இனிப்பு குறையும், வெட்டினால் சிவப்புக்கு நடுவே வெள்ளை வளையங்கள் தெரியும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். சென்னை, வேலூர், திருச்சி, மதுரைப் பக்கம் பிப்ரவரி கடைசியிலேயே வெயில் ஏறத் தொடங்கிவிடும். பிப்ரவரி 20க்குள் பிடுங்கி முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பயிருக்கு 70 நாள், தாமதத்துக்கு 10 நாள் கழித்தால் டிசம்பர் முதல் வாரம் வருகிறது. அதுதான் கடைசித் தேதி. தை பிறந்த பிறகு விதைத்தால் கீரை மட்டும்தான் மிஞ்சும்.

தொடக்கத் தேதியை மழை தீர்மானிக்கும். கடலோர மாவட்டங்களில் ஐப்பசி அடைமழையில் விதைத்தால் விதை மேலே மிதந்து வந்துவிடும், முளைத்ததும் அழுகும். அங்கே கார்த்திகையில் மழை இடைவெளி விடும் வாரத்தைப் பிடிப்பது நல்லது. கோவை, உடுமலை, தேனிப் பக்கம் அக்டோபரிலிருந்தே போடலாம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இன்னும் சில வாரங்கள் தாராளமாகக் கிடைக்கும்.

எல்லாப் பைகளிலும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். 15 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று தவணையாகப் போட்டால் ஒரு தவணை மழையில் போனாலும் மற்றது நிற்கும். மொத்தமாக விளைந்து குளிர்பெட்டியில் இடமில்லாமல் தவிக்கவும் வேண்டாம்.

2. செலவு எவ்வளவு ஆகும்?

இரண்டடிக்கு இரண்டடி, எட்டு அங்குல ஆழமுள்ள ஒரு பைக்குக் கணக்குச் சொல்கிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும். தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

- பை (220 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம் எடையுள்ள தடிமன்): 120–180 ரூபாய்
- தென்னை நார்க்கழிவுக் கட்டி, 5 கிலோ: 150–200 ரூபாய். பாதிக்கு மேல் மிஞ்சும்.
- மண்புழு உரம், 15 கிலோ: 180–225 ரூபாய்
- செம்மண் ஒரு மூட்டை: 60–100 ரூபாய்
- வேப்பம்புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்): 120–150 ரூபாய்
- விதை: 30–50 ரூபாய்

ஆக முதல் பருவத்தில் ஒரு பைக்கு 700 முதல் 900 ரூபாய். அதில் 25 செடி நிற்கும், கிழங்கு இரண்டரை, மூன்று கிலோ தேறும். சந்தை விலையோடு ஒப்பிட்டால் நட்டம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. பையும் மண்ணும் மூன்று, நான்கு பருவம் வரும் என்பதும், கடையில் கிடைக்காத இளம் பீட்ரூட் கீரை கிடைக்கும் என்பதும்தான் வரவு. காசு மிச்சம் பிடிக்கத்தான் தோட்டம் என்றால் தக்காளி, கத்தரி, கீரை போடுங்கள்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை (பை, விதை முதலியவை அடங்கிய தொகுப்பு) தருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் 900 ரூபாய் மதிப்புள்ள தளை, பாதி மானியம் போக 450 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. தொகையும் பொருட்களும் ஒவ்வோர் ஆண்டும் மாறும், ஒதுக்கீடும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், கைப்பேசி எண் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு, துறையின் இணையதளத்திலோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலோ ஆகஸ்டு, செப்டம்பரிலேயே விசாரித்துவிடுங்கள். கார்த்திகையில் போய் நின்றால் தளை வருவதற்குள் பட்டம் போய்விடும். தளையில் பீட்ரூட் விதை இருக்கும் என்று எதிர்பார்க்காமல் விதையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு, அடுக்ககம் என்றால் மொட்டைமாடியைப் பயன்படுத்தும் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. தளத்தில் நீர் கசிந்தால் முதல் பழி உங்கள் பைகள் மேல்தான் விழும்.

3. விதை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்

படத்தைப் பார்த்து வாங்காமல் பாக்கெட்டின் பின்புறத்தைத் திருப்புங்கள். சோதனைத் தேதி, செல்லுபடித் தேதி, முளைப்புத்திறன், குவியல் எண் (லாட் நம்பர்) நான்கும் இருக்க வேண்டும். பீட்ரூட்டுக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 60 விழுக்காடு. மற்றக் காய்கறி விதைகளோடு ஒப்பிட்டுக் குறைவு என்று நினைக்க வேண்டாம், இந்தப் பயிருக்கு அளவே அதுதான். செல்லுபடித் தேதி இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் வேறு பாக்கெட் கேளுங்கள். ரசீதையும் காலி பாக்கெட்டையும் அறுவடை வரை வைத்திருங்கள். முளைக்கவில்லை என்று கேட்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது குவியல் எண்ணைத்தான்.

விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் தைராம் போன்ற பூஞ்சணக்கொல்லியில் நேர்த்தி செய்தது என்று பொருள். கையுறை போட்டுத் தொடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இரகத்தில் டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் இரண்டும் பழகியவை. உதகை 1 மலைப்பகுதிக்கான இரகம், நாளும் அதிகம் எடுக்கும். சமவெளி மாடிக்கு 60–75 நாளில் வரும் வீரிய ஒட்டு வசதியானது. அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துவிடலாம் என்று ஒரு செடியை விட்டுவைக்காதீர்கள். பீட்ரூட் ஈராண்டுப் பயிர். குளிரில் சில வாரம் கிடந்தால்தான் பூத்தண்டு விடும், நம் சமவெளிக் குளிர் அதற்குப் போதாது.

4. பையும் மண்ணும்

ஆழம் எட்டு, ஒன்பது அங்குலம் போதும், அகலம்தான் முக்கியம். 12 அங்குல விட்டமுள்ள பையில் நான்கு செடி, 15 அங்குலப் பையில் நடுவில் ஒன்று சுற்றிலும் ஆறு, இரண்டடிச் சதுரப் பையில் ஐந்துக்கு ஐந்து. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் (அல்லது நன்றாக மட்கிய சாண எரு) மூன்றும் சம அளவு, எடையில் அல்ல, பக்கெட் கணக்கில். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து நீரைக் கொட்டிவிட்டுக் கலக்குங்கள். அதிலுள்ள உப்பு முளைப்பைத் தடுக்கும். இரண்டடிப் பைக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 20 கிராம் டிரைக்கோடெர்மா. கலந்து லேசாக நனைத்து, நிழலில் பத்து நாள் விட்டு, பிறகு விதையுங்கள். புண்ணாக்கு கலந்த அன்றே விதைத்தால் அது புளித்துக் கிளம்பும் சூட்டில் முளை கருகும்.

கல், ஓடு, கட்டியான எரு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஆணிவேர் முட்டிய இடத்தில் கிழங்கு கவட்டை விழும். மட்காத சாணம் இன்னும் மோசம், அதோடு வேர்ப்புழுவும் வந்து சேரும்.

இரண்டடிப் பை நனைந்தால் 60 கிலோவுக்கு மேலும் போகலாம். உத்தரம் போகும் இடத்திலோ சுவரோரத்திலோ வையுங்கள், அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள். வைக்குமிடத்தில் ஐந்து, ஆறு மணி நேரம் நேர்வெயில் விழ வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆடியில் வெயில் விழுந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும். விதைப்பதற்கு முன் ஒரு நாள் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள்.

5. விதைப்பு

நீங்கள் விதை என்று கையில் எடுப்பது ஒரு விதை அல்ல. காய்ந்த பூங்கொத்து ஒட்டிக்கொண்டு கட்டியானது அது. உள்ளே இரண்டு முதல் ஐந்து விதை இருக்கும். அந்தக் கரடுமுரடான ஓட்டில் முளைப்பைத் தடுக்கும் பொருளும் உண்டு. நேர்த்தி செய்யாத வெறும் விதையாக இருந்தால் 8–10 மணி நேரம் நீரில் ஊறவிட்டு, நடுவில் இரண்டு முறை நீரை மாற்றுங்கள். மறுநாள் வரை விட்டால் மூச்சு முட்டி அழுகும். நேர்த்தி செய்த வண்ண விதையை ஊறவைக்கத் தேவையில்லை.

ஒன்றரை செ.மீ. ஆழம், குழிக்கு இரண்டு விதை, குழிக்குக் குழி நாலரை அங்குலம். மேலே மண்ணுக்குப் பதில் சலித்த மண்புழு உரத்தைத் தூவுங்கள், மண் இறுகி ஓடு பிடிக்காது. ஈரச்சாக்கோ பழைய பருத்தித் துணியோ போட்டு மூடி, பூவாளியால் நனைத்து வாருங்கள். நான்காம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நீண்டுவிடும். பொதுவாக 5 முதல் 10 நாளில் முளைப்பு முடியும்.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு ஒரு சொல். பீட்ரூட்டின் மூதாதை கடற்கரையில் வளர்ந்த செடி. வளர்ந்தபின் சற்றே உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் முளைக்கும் பருவத்தில் தாங்காது. முதல் மூன்று வாரம் மட்டுமாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ ஊற்றுங்கள்.

மழைக்காகப் பச்சை நிழல்வலை கட்டியிருந்தால் மழை விட்டதும் கழற்றிவிடுங்கள். கழற்ற மறந்த வலைதான் பலருக்குக் கிழங்கு பிடிக்காமல் போகக் காரணம்.

6. கலைத்தல்: மனசு வராத வேலை

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒரு குழியில் நான்கைந்து நாற்று கூட்டமாக நிற்கும். அப்படியே விட்டால் எல்லாமே இலை விடும், ஒன்றுகூடக் கிழங்காகாது. பக்கத்துச் செடியோடு போட்டி இருக்கும்வரை வேர் திரளுவதற்கு இடமும் இல்லை, உணவும் மிஞ்சுவதில்லை.

விதைத்த 15ஆம் நாள் வாக்கில், நான்கு இலை வந்ததும், குழிக்கு வலுவான ஒன்றை மட்டும் விடுங்கள். மற்றதைப் பிடுங்காதீர்கள், வேர்கள் பின்னிக் கிடக்கும், வைத்திருக்கும் செடியும் ஆடிப்போகும். சிறு கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டியதை வீணாக்க வேண்டாம், அன்றைய கீரையில் சேர்த்துவிடலாம். முளைக்காமல் போன குழி இருந்தால் அங்கே மட்டும், மாலை வேளையில், பக்கத்துக் குழி நாற்று ஒன்றை மண்ணோடு எடுத்து வேர் மடங்காமல் நடலாம். 25ஆம் நாள் இன்னொரு முறை பாருங்கள், பிந்தி முளைத்தது ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

7. தண்ணீர், உரம், போரான்

விரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். நாள்தோறும் இத்தனை லிட்டர் என்று கணக்கு வைக்க முடியாது, மார்கழிப் பனியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சினால் கிழங்கு வெடிக்கும். ஊருக்குப் போகிறவர்கள் பொங்கல் விடுமுறைக்கு யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். வெடிப்பு பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் நேர்கிறது.

உரத்தில் செய்யும் தவறு அன்பு மிகுதியால் வருவது. மீன் அமிலம், கடலைப்புண்ணாக்குக் கரைசல், யூரியா எல்லாம் தழைச்சத்து. முதல் 25 நாளுக்குள் ஒரு முறை கொடுக்கலாம். அதன்பிறகும் வாராவாரம் ஊற்றினால் செடி இலையிலேயே குடியிருந்துவிடும். 25ஆம் நாள் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மண் அணையுங்கள். 35ஆம் நாளும் 45ஆம் நாளும் சாம்பல்சத்து வேண்டும். இரசாயனம் கலக்க ஆட்சேபம் இல்லாதவர்கள் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். இயற்கை வழி என்றால் செடியைச் சுற்றி அரைத் தேக்கரண்டி விறகுச் சாம்பல். அதற்கு மேல் போடாதீர்கள். சாம்பல் மண்ணின் காரத்தன்மையை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூட்டும், அப்படிப்பட்ட மண்ணில் போரான் என்ற நுண்ணூட்டச்சத்து செடிக்குக் கிடைக்காது.

போரான் குறைந்தால் கிழங்கின் வெளிப்புறத்தில் ஒன்றும் தெரியாது. வெட்டினால் உள்ளே கருப்புத் தக்கை போலப் புள்ளிகள் இருக்கும். செடியின் நடுக்குருத்து சுருங்கிக் கருகுவதுதான் முன் அடையாளம். 30ஆம் நாள் ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் போராக்ஸ் கரைத்து இலையில் ஒரே ஒரு முறை தெளியுங்கள். கண்ணளவு வேண்டாம், நகைத் தராசு போல ஒரு சிறு தராசில் நிறுங்கள். குறைந்தால் எப்படிக் கெடுதலோ மிகுந்தாலும் அப்படியே, இலை ஓரம் கருகிவிடும்.

40 நாளுக்கு மேல் கிழங்கின் தோள் மண்ணுக்கு வெளியே தெரியும். பயப்பட வேண்டாம், அதன் இயல்பு அது. வெயில் பட்டுத் தோல் தடித்துப் போகாமல் கொஞ்சம் மண் அணைத்துவிட்டால் போதும்.

8. பூச்சி, நோய்

இலையில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் இலைத்துளைப்பான். அந்த இலையைக் கிள்ளிக் கசக்கிப் போடுங்கள், உள்ளே இருக்கும் புழுவுக்கு மேலே தெளிக்கும் எந்த எண்ணெயும் எட்டாது. அசுவினிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி காதி சோப்புக் கரைசல், மாலையில், வாரம் ஒரு முறை. சிவப்பு விளிம்போடு சாம்பல் நிறத்தில் வட்டப்புள்ளி விழுந்தால் செர்கோஸ்போரா என்ற பூஞ்சண இலைப்புள்ளி நோய். அடி இலைகளை நீக்கி, இலை நனையாமல் நீர் விடுங்கள். பாலக்கீரையும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம், இந்த நோயும் துளைப்பானும் இரண்டுக்கும் பொது. பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கீரைக்காக இலை பறிப்பவர்கள் ஒரு செடியில் ஒரு முறைக்கு வெளிப்புற இலை இரண்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். கிழங்கை நிரப்புவது அந்த இலைகள்தான்.

9. அறுவடை

60ஆம் நாளிலிருந்து தோள் பக்கம் மண்ணை விலக்கிப் பாருங்கள். ஐந்து, ஆறு செ.மீ. விட்டம், அதாவது சிறிய சாத்துக்குடி அளவு வந்ததும் பிடுங்கிவிடுங்கள். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் எடை கூடும், நாரும் கூடும். பெரியதை முதலில் எடுத்தால் பக்கத்துச் சிறியதற்கு இடம் கிடைத்து அதுவும் திரண்டுவிடும்.

பிடுங்கியதும் இலையை இரண்டு செ.மீ. காம்பு விட்டுத் திருகி எடுங்கள். இலையோடு வைத்தால் அது கிழங்கின் நீரை இழுத்து ஒரே நாளில் தொய்யவைத்துவிடும். வால்வேரை வெட்டாதீர்கள், கழுவாதீர்கள். மண்ணைத் துடைத்துப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். இலையைத் துணியில் சுற்றி வைத்து இரண்டு நாளில் சமைத்துவிட வேண்டும்.

10. சமையல்

வீட்டுக் கிழங்கில் நீர் அதிகம், நார் குறைவு. கடைக்கிழங்குக்குப் பழகிய கையோடு தண்ணீர் ஊற்றி வேகவைத்தால் குழைந்து நிறமும் போய்விடும்.

*பொரியல்.* 300 கிராம் கிழங்கைத் தோல் சீவி அரை செ.மீ. சதுரமாக நறுக்குங்கள். எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் பத்து வதக்கி, கிழங்கைப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி நீர் தெளித்து மூடிச் சிறுதீயில் 8–10 நிமிடம். உப்பைப் பாதி வெந்தபின் போடுங்கள், முதலிலேயே போட்டால் நீர் விட்டுக் கூட்டு மாதிரி ஆகிவிடும். இறக்கும்போது மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த்துருவல்.

நிறம் பழுப்பாகிறதென்றால் அதிக நேரம் கொதித்தது ஒரு காரணம். ஆப்பசோடாவோ மிகக் கடினமான தண்ணீரோ இன்னொரு காரணம். சிவப்புக்குச் சோடா போன்றவற்றின் காரத்தன்மை ஆகாது, புளிப்பு காப்பாற்றும். இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். மண்வாசனை பிடிக்காதவர்களுக்கும் மருந்து அதே புளிப்புதான். அந்த வாசனை தோலில்தான் மிகுதி, தோலைத் தாராளமாகச் சீவிவிடலாம்.

*பச்சடி.* முழுக்கிழங்கைத் தோலோடு, வாலோடு குக்கரில் மூன்று விசில். வால் போயிருந்தால் சாறு முழுதும் நீரில் இறங்கிவிடும். ஆறியபின் தோல் கையோடு வந்துவிடும். துருவித் தயிரில் கலந்து, பச்சைமிளகாய், கடுகு தாளித்துக் கொட்டுங்கள். சூட்டோடு தயிரில் போட்டால் திரிந்துவிடும்.

*பால்கறி.* இலங்கைத் தமிழர் வீடுகளில் தேங்காய்ப்பால் விட்டுச் செய்வது. குச்சி குச்சியாக நறுக்கிய கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், சிறிது வெந்தயம், கறித்தூள் சேர்த்து இரண்டாம் பாலில் வேகவிட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றி ஒரு கொதியில் இறக்க வேண்டும். சோறோடும் இடியப்பத்தோடும் ஒத்துப்போகும்.

*கீரை.* தண்டைப் பொடியாக நறுக்கி முதலில் வதக்குங்கள், மூன்று நிமிடம் கழித்து இலை. பாசிப்பருப்போடு கூட்டாகவும் செய்யலாம், பருப்பு இளஞ்சிவப்பாகும். இந்தக் கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

மறுநாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனால் பதற வேண்டாம். சிலருக்குப் பீட்ரூட் சாப்பிட்டால் அப்படிப் போகும், தானாக நின்றுவிடும். வீட்டில் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் ஆய்வுக்கூடம் வரை போய்வருவார்கள்.

11. காலியான பை

மாசியில் பை காலியாகும். மண்ணைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, நான்கில் ஒரு பங்கு புது மண்புழு உரம் சேருங்கள். உடனே பாலக்கோ மறுபடி பீட்ரூட்டோ போட வேண்டாம். வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள், இரண்டுமே கோடை வெயிலைத் தாங்கும். மிஞ்சிய பீட்ரூட் விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மேலே செல்லுபடித் தேதியை எழுதி, குளிர்பெட்டியின் கதவுப் பக்கம் இல்லாமல் உள்தட்டில் வையுங்கள். புரட்டாசியில் எடுத்துப் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். பத்து நாளில் ஆறு முளைத்தால் புது பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.